இருபது லட்சத்துக்கு முன்னும் பின்னும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை இருந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். கொரட்டூரில் மாடி அறையில் உட்கார்ந்தபடி, சிறு கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை. பூந்தமல்லி கரையான்சாவடியில் பத்தாம் வகுப்புக் கணிதத்தை இணையம் வழியாகச் சொல்லித்தருபவர், பட்டாபிராமிலிருந்து அமெரிக்க நிறுவனத்துக்கு இணையதளம் வடிவமைப்பவர், ஆவடியில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீணை கற்பிக்கும் ஆசிரியை எனப் பெயர்ப்பலகை இல்லாத தொழில்கள் சென்னையின் மேற்குப் புறநகரில் சாதாரணமாகிவிட்டன. தொழில் கொஞ்சம் நிமிர்ந்ததும் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி வருகிறது. ஜி.எஸ்.டி. நம்பர் எடுக்க வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

ஆடிட்டர்கள் வழக்கமாகச் சொல்வது, “இருபது லட்சம் தாண்டட்டும், பார்த்துக்கலாம்.” சட்டப்படி அதில் பிழையில்லை. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தமிழ்நாட்டில் சேவை அளிப்பவருக்கு நிதியாண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் என்று எல்லை வகுத்திருக்கிறது. பொருள் மட்டும் விற்பவருக்கு 2019 ஏப்ரல் 1 முதல் அது 40 லட்சம். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களில் ஒரு சாரார் தேவையில்லாமல் காத்திருந்து வாடிக்கையாளரை இழக்கிறார்கள். இன்னொரு சாரார் அவசரப்பட்டுப் பதிவுசெய்து, கட்டவே தேவையில்லாத வரியைக் கைக்காசிலிருந்து கட்டுகிறார்கள். பில்லை வாங்கிக்கொள்பவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. இருபது லட்சம் அதற்கு அடுத்த கேள்வி.

கொரட்டூர் மென்பொருள்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வாடிக்கையாளர்கள் தொழிற்பேட்டையின் உதிரிபாகக் கம்பெனிகள், எல்லாம் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவை. மாதம் 50,000 ரூபாய் பில்லின் மேல் 18 சதவீதம், அதாவது 9,000 ரூபாய், வரி சேர்த்தால் கம்பெனி அந்த 9,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். கம்பெனிக்கு நஷ்டமில்லை, இவருக்கும் நஷ்டமில்லை. மாறாக, இவர் சர்வர் வாடகைக்கும் இணைய இணைப்புக்கும் கொடுக்கும் வரி, பதிவு இல்லாதவரை திரும்பி வராத செலவு; பதிவு எடுத்ததும் அது கிரெடிட். அதைவிட முக்கியமானது, பெரிய கம்பெனிகளின் கொள்முதல் பிரிவு விற்பனையாளரைச் சேர்க்கும் படிவத்தில் முதலில் கேட்பதே ஜி.எஸ்.டி. எண்தான். எண் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. விற்றுமுதல் ஆறு லட்சமாக இருந்தாலும் இவர் 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்வதே நல்லது.

கரையான்சாவடி கணித ஆசிரியரின் நிலைமை இதற்கு நேர் எதிர். அவருக்குப் பணம் கொடுப்பவர்கள் பெற்றோர்கள். அவர்களுக்கு உள்ளீட்டு வரி என்ற ஒன்றே கிடையாது. பள்ளிக் கல்வி நிறுவனங்களுக்கு இருக்கும் வரிவிலக்கு தனிப்பயிற்சிக்கு இல்லை. 18 சதவீதம் உண்டு. மாதக் கட்டணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிவு எடுத்த பிறகு கட்டணத்தை 1,180 ஆக உயர்த்தினால் பக்கத்துத் தெருவில் பதிவில்லாத ஆசிரியர் 1,000 ரூபாய்க்குச் சொல்லித்தருகிறார். உயர்த்தாவிட்டால் அந்த ஆயிரத்துக்குள் சுமார் 152 ரூபாய் 54 காசு வரி. கையில் நிற்பது 847 ரூபாய் சொச்சம்.

ஆண்டுக் கணக்கில் இதைப் பார்த்தால்தான் எல்லையின் முழு வலி தெரியும். பதிவு இல்லாமல் 20 லட்சம் ஈட்டுபவருக்கு அந்த 20 லட்சமும் அவருடையது. அடுத்த ஆண்டு பதிவுக்குள் வந்து, கட்டணத்தை உயர்த்தாமல் 21 லட்சம் ஈட்டினால் அதில் சுமார் 3,20,000 ரூபாய் வரியாகப் போகும், மிச்சம் 17,80,000. உழைப்பு கூடியிருக்கிறது, வருமானம் குறைந்திருக்கிறது. பழைய 20 லட்சம் கையில் நிற்க வேண்டுமானால் பெற்றோரிடம் மொத்தம் 23,60,000 வசூலித்தாக வேண்டும். அந்த ஆசிரியரைப் பொறுத்தவரை 20 லட்சத்துக்கும் 23,60,000க்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் தரிசு. மடிக்கணினி, கேமரா, இணைய இணைப்பு ஆகியவற்றின் வரியைக் கழித்தால் இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஆனால் தொண்டையும் கரும்பலகையுமே மூலதனமான தொழிலில் கழிக்க அதிகம் இருக்காது. இப்படிப்பட்டவர் 18 லட்சத்தில் “எப்படியும் எடுக்கத்தானே போகிறோம்” என்று முன்கூட்டிப் பதிவு எடுப்பது தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்வது. பதிவைத் தள்ளிப்போடலாம், ஆனால் கட்டணம் நிர்ணயிக்கும் முதல் நாளிலிருந்தே, ஒருநாள் இதற்குள் 18 சதவீதம் வந்து உட்காரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இவருக்கு ஓர் இடைவழி உண்டு. 10ஆம் பிரிவின் 2ஏ உட்பிரிவுப்படி, 50 லட்சம் வரை விற்றுமுதல் உள்ள சேவையாளர் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து 6 சதவீதம் மட்டும் கட்டலாம். ஆடிட்டர்கள் இதைக் ‘காம்போசிஷன்’ என்பார்கள். 25 லட்சம் விற்றுமுதலில் சாதாரண முறையில் சுமார் 3,81,000 ரூபாய் வரி என்றால் இதில் 1,50,000. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது, உள்ளீட்டு வரவு கிடையாது. பெற்றோரிடம் கட்டணம் வாங்குபவருக்கு இவை பெரிய இழப்புகள் இல்லை. ஒரு நிபந்தனைதான் இணையத் தொழிலின் கழுத்தைப் பிடிக்கிறது: மாநிலம் விட்டு மாநிலம் சேவை அளிக்கக் கூடாது.

இனி, இருபது லட்சம் என்பதற்குள் எவையெல்லாம் சேரும்? நடைமுறையில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். சட்டம் பேசுவது ‘ஒட்டுமொத்த விற்றுமுதல்’ பற்றி. ஒரே பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதும் செய்யும் வரியுள்ள விநியோகம், வரிவிலக்குள்ள விநியோகம், ஏற்றுமதி எல்லாம் அதில் சேரும். லாபத்தைப் பார்ப்பதில்லை, செலவு போக மிஞ்சுவதைப் பார்ப்பதில்லை. ஒரு தளத்தின் வழியாக 1,000 ரூபாய்க்குப் பாடத்தொகுப்பு விற்று, தளம் 300 ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு 700 ரூபாய் அனுப்பினாலும், விற்பவர் நீங்கள் என்றால் கணக்கில் வருவது 1,000.

மேற்குப் புறநகரில் சொந்த வீடு வைத்திருக்கும் பல குடும்பங்கள் மாடியையோ பின்கட்டையோ வாடகைக்கு விட்டிருக்கின்றன. குடியிருக்க விடும் வீட்டின் வாடகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனால் விலக்குள்ள விநியோகமும் விற்றுமுதலில் சேரும் என்பதால், வீடு உங்கள் பெயரில் இருந்து, மாதம் 15,000 ரூபாய் வாடகை வந்தால், ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் எல்லைக்குள் ஏறிவிடுகிறது. வைப்புத்தொகை வட்டியும் இப்படிச் சேரும் என்று 2020இல் கர்நாடக, குஜராத் முன்தீர்ப்பு ஆணையங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்புகள் கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றாலும், அதிகாரிகள் எந்தக் கோணத்தில் பார்ப்பார்கள் என்பதை அவை காட்டுகின்றன. பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் இணையத் தொழில் நடத்துபவர் தன் சம்பளத்தை இதில் சேர்க்க வேண்டியதில்லை; ஊழியர் முதலாளிக்குச் செய்யும் பணி மூன்றாம் அட்டவணைப்படி விநியோகமே ஆகாது.

ஆவடி வீணை ஆசிரியைக்கு நல்ல செய்தி. கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குச் செயல்பாடுகளில் தனிநபர் அளிக்கும் பயிற்சிக்கு வரிவிலக்கு உண்டு. 2022 ஜூலை 18 முதல் ‘தனிநபர்’ என்ற வரம்பு அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. விலக்குள்ள சேவை மட்டுமே அளிப்பவர் 23ஆம் பிரிவுப்படி பதிவே செய்ய வேண்டாம், வருமானம் எவ்வளவானாலும். அவரே நான்கு ஆசிரியைகளை அமர்த்தி ஒரு நிறுவனமாக்கினால் அந்த விலக்கு போய்விடும். தனியாகவே இருந்துகொண்டு, ஒளிப்பதிவு செய்த பாடங்களை விற்பது, கருவி பழுதுபார்ப்பது என்று வரியுள்ள வரவு ஏதாவது சேர்ந்தால், அதுவரை கணக்கில் வராத வகுப்புக் கட்டணமும் சேர்ந்து எல்லையை நிரப்பும். சிறு மாற்றம்தான், ஆனால் பதிவுக் கடமை அன்றே பிறந்துவிடலாம்.

வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவர் வந்தாலே பதிவு கட்டாயம் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. பொருள் விற்பனையில் அது பெரும்பாலும் உண்மை. சேவையில், 2017 அக்டோபர் 13 அன்று வந்த ஒருங்கிணைந்த வரி அறிவிக்கை எண் 10, இருபது லட்சத்துக்குள் இருப்பவரை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்துவிட்டது. பிறர் தளத்தின் வழியாகச் சேவை விற்பவருக்கும் அதே ஆண்டு நவம்பர் 15 அறிவிக்கை அதே விடுதலையைத் தந்தது. பெங்களூரு வாடிக்கையாளருக்குப் பயந்து பதிவெடுத்தவர்கள் பலர் இதை யாரும் சொல்லாததால் எடுத்தவர்கள்.

ஆனால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயமாகும் இடங்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அம்பத்தூரின் பிளம்பர்களையும் தச்சர்களையும் ஒரு செயலியில் சேர்த்து வீடுகளுக்கு அனுப்பும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அவர் தன் சேவையை விற்கவில்லை, பிறர் சேவைக்குத் தளம் நடத்துகிறார். பணத்தை வசூலித்துக் கொடுத்தால் 52ஆம் பிரிவுப்படி மூலத்தில் வரி வசூலிக்கும் கடமை வருகிறது. 2024 ஜூலை 10 முதல் அதன் விகிதம் அரை சதவீதம். பிளம்பர் பதிவில்லாதவர் என்றால் 9ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு தளத்தையே சேவை அளித்தவராகக் கருதி முழுத் தொகைக்கும் வரி கேட்கும். அவருடைய கமிஷன் ஆண்டுக்கு ஒரு லட்சமே ஆனாலும் 24ஆம் பிரிவுப்படி பதிவு வேண்டும். தன் சொந்தச் சேவையைத் தன் இணையதளத்தில் பேமென்ட் கேட்வே வைத்து விற்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று தலைகீழ் வரி. வெளிநாட்டிலிருக்கும் ஒரு வடிவமைப்பாளரைத் தன் தொழிலுக்காக அமர்த்திப் பணம் அனுப்பினால், அந்தச் சேவைக்கான வரியை இறக்குமதி செய்பவரே கட்ட வேண்டும். அப்படிக் கட்டக் கடமைப்பட்டவரும் 24ஆம் பிரிவின் பட்டியலில் இருக்கிறார். இணையம் வழியாகவே பெறும் மென்பொருள் சந்தா போன்றவற்றில், பதிவில்லாத இந்தியர் வாங்கினால் வரி கட்டும் பொறுப்பு வெளிநாட்டு நிறுவனத்தின் மேல் விழும்படி 2023 அக்டோபர் 1 முதல் சட்டத்தின் வரையறை திருத்தப்பட்டது. ஆளை அமர்த்துவதற்கும் சந்தா கட்டுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் தங்களுக்குத் தெரியாமலே சட்டத்தை மீறிக்கொண்டிருக்கக்கூடும்.

பட்டாபிராம் வடிவமைப்பாளரின் முழு வருமானமும் ஏற்றுமதி. ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம் என்பதால் பதிவே தேவையில்லை என்று இவரைப் போன்றவர்கள் எண்ணுகிறார்கள். ஏற்றுமதியும் ஒட்டுமொத்த விற்றுமுதலில் சேரும். 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உறுதிக் கடிதம் ஒன்றை இணையதளத்தில் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். உள்ளூரில் கொடுத்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் மட்டும் உள்ளவருக்குப் பதிவு பாரமில்லை, பலன்தான். சேவை ஏற்றுமதி என்று ஏற்கப்பட பணம் அந்நியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாகவோ வர வேண்டும். டொரன்டோவில் இருக்கும் பேத்திக்கு ஆவடியிலிருந்து ஒருவர் இணையத்தில் தமிழ் கற்பிக்கிறார், கட்டணத்தைத் தாத்தா அம்பத்தூரிலிருந்து யு.பி.ஐ.யில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பார்வையில் சேவை பெறுபவர், அதற்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர். தாத்தாவே கட்டணத்துக்குப் பொறுப்பானவர் என்றால் அது உள்ளூர் விற்பனை, 18 சதவீதம். பேத்தியின் பெற்றோர் கனடாவிலிருந்து டாலரில் அனுப்பினால் ஏற்றுமதி. பாடம் ஒன்றே, கட்டணமும் ஒன்றே.

எல்லையைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தாண்டிய நாளிலிருந்தே பதிவு செல்லும். இடைப்பட்ட பில்களுக்குத் திருத்திய பில் கொடுக்கலாம், கம்பெனி வாடிக்கையாளர்கள் கிரெடிட் எடுத்துக்கொள்வார்கள். தாமதித்தால் பதிவு வழங்கிய நாளிலிருந்துதான்; இடைக்கால வரியை மட்டும் நீங்கள் சுமக்க நேரும். பழைய கணினிக்குக் கொடுத்த வரியும், பழைய சர்வர் வாடகையின் வரியும் புதிதாகப் பதிவு எடுப்பவருக்கு வரவாகக் கிடைக்காது. புதிய மடிக்கணினி வாங்கும் எண்ணம் இருந்தால் பதிவு எண் வந்த பிறகு வாங்குங்கள். 70,000 ரூபாய்க் கணினியில் 12,600 ரூபாய் வரி என்பது சிறு தொழிலுக்குச் சிறு தொகை இல்லை.

பதிவு எடுத்துவிட்டு மறந்துபோவதுதான் பலரும் பார்க்காத ஆபத்து. வியாபாரமே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாயும், வியாபாரம் இருந்தால் நாளுக்கு 50 ரூபாயும் தாமதக் கட்டணம், மேல் வரம்புகளுக்கு உட்பட்டு. தொடர்ந்து போடாமல் விட்டால் பதிவு ரத்தாகும். 2022 ஜனவரி 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில், இப்படி ரத்தான சிறு வணிகர்களின் பதிவை நிபந்தனைகளோடு மீட்டுத் தந்தது. நிலுவை வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டிய பிறகுதான், அதுவும் பழைய கிரெடிட்டைப் பயன்படுத்தாமல். அந்த ஒரு தீர்ப்பைத் தொட்டுக்கொண்டு எத்தனையோ சிறு வணிகர்கள் பின்னர் நீதிமன்றப் படியேறினார்கள்.

பதிவே எடுக்காமல் இருப்பதன் ஆபத்தை 2025 ஜூலையில் கர்நாடகம் காட்டியது. யு.பி.ஐ. வரவுகளை வைத்து அந்த மாநில வணிக வரித் துறை, பேக்கரி, காய்கறிக் கடை, டீக்கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பியது, கடைகளில் ‘யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கின. எதிர்ப்பு எழுந்ததும், பதிவு செய்துகொண்டால் பழைய நிலுவையை வசூலிப்பதில்லை என்று அரசு இறங்கி வந்தது. இணையச் சேவையாளரின் வரவு டீக்கடையை விடவும் வெளிப்படையானது: ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழி வருகிறது, கம்பெனி வாடிக்கையாளர் பிடித்த வருமான வரி பான் எண்ணில் பதிவாகிறது. பதிவெடுக்க வேண்டியவர் எடுக்காமல் இருந்தால் 122ஆம் பிரிவின் அபராதம் 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, எது அதிகமோ அது.

பதிவின் நடைமுறை எளிதாகி வருகிறது. பதிவுள்ள வாடிக்கையாளர்களுக்கான வரி மாதம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் என்பவருக்கு, 2025 நவம்பர் 1 முதல் 14ஏ விதிப்படி ஆதார் சரிபார்ப்போடு மூன்று வேலை நாளில் எண் கிடைக்கிறது. வாடகை வீட்டில் தொழில் செய்பவருக்குச் சிக்கல் வீட்டுக்காரரிடம்தான். ஒப்பந்தமும் சம்மதக் கடிதமும் சொத்து வரி ரசீதும் கேட்டால், வீட்டுக்குக் கடை வரி போட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். கடைசி மாதத்தில் போய் நின்றால் 30 நாள் இதிலேயே கரைந்துவிடும்.

எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது பழைய கேள்வி. இந்தியாவில் அது முதலில் எழுந்த இடங்களில் ஒன்று இதே சென்னை. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி அரசு கொண்டுவந்த 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்பவரை முழுவதும் விட்டுவிட்டது. 20,000 வரை விற்பவரிடம் மாதம் ஐந்து ரூபாய் மட்டும் வாங்கியது. அதற்கு மேல்தான் அரை சதவீதம். 10,000இல் நிற்பவர் ஒரு படி ஏறினால் ஆண்டுக்கு 60 ரூபாய். 20,000 தாண்டினால் சுமார் 100 ரூபாய். படிக்கட்டு போல் ஏறிய அந்த அமைப்பு இன்றைய சட்டத்தில் சேவையாளருக்கு ஒரு செங்குத்துச் சுவராகிவிட்டது.

வரி எல்லையைப் பற்றிப் பொருளியலாளர்கள் மைக்கேல் கீன், ஜாக் மின்ட்ஸ் 2004இல் எழுதிய ஆய்வு, அரசுக்குக் கிடைக்கும் வருவாயையும் வரி நிர்வாகத்துக்கு இரு தரப்பும் செய்யும் செலவையும் எடைபோட்டே எல்லை வைக்க வேண்டும் என்கிறது. சேவைத் தொழிலில் விற்றுமுதலில் பெரும்பங்கு உழைப்பின் மதிப்பு என்பதால் பொருளை விடக் குறைந்த எல்லை நியாயம் என்று அரசுத் தரப்பில் வாதிடலாம். அதில் பொருளுண்டு. ஆனால் அதே காரணத்தால்தான், கழிக்க உள்ளீடு இல்லாத ஆசிரியர் மேல் 18 சதவீதமும் முழுதாக இறங்குகிறது. பிரிட்டனில் 2017 முதல் 2024 வரை 85,000 பவுண்டில் உறைந்திருந்த எல்லைக்குச் சற்றுக் கீழே தொழில்கள் குவிந்து நிற்பதை ஆய்வாளர்கள் வரித் தரவுகளிலேயே கண்டார்கள். பிறகு அங்கே 90,000 ஆக்கினார்கள். சிங்கப்பூரில் எல்லை பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. பணத்தட்டுப்பாட்டில் இருந்த இலங்கை 2024 ஜனவரியில் எல்லையைக் குறைத்தபோதுகூட அது 6 கோடி இலங்கை ரூபாயாக நின்றது. நம்முடைய 20 லட்சம் 2017க்குப் பிறகு அசையவில்லை.

எல்லையை உயர்த்தும் வரை செய்யக்கூடிய ஒன்று உண்டு, ஜி.எஸ்.டி. கவுன்சில் மனம் வைத்தால். பதிவில்லாத சிறு சேவையாளர் வெளிமாநிலத்துக்கு விற்கலாம் என்று 2017இலேயே ஒப்புக்கொண்டார்கள். பதிவு எடுத்து 6 சதவீத இணக்க வரித் திட்டத்துக்குள் வந்தவுடன் அதே உரிமை பறிபோகிறது. கரையான்சாவடி ஆசிரியரிடம் ஓசூர் மாணவர் படித்தால் 6 சதவீதம். அங்கிருந்து எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் ஒரே ஒரு மாணவர் சேர்ந்தால் மொத்த வகுப்புக்கும் 18. வரி நுகரும் மாநிலத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்தத் தடைக்கான காரணம். பதிவுள்ள இணையச் சேவையாளர், பதிவில்லாத வாடிக்கையாளருக்கு எழுதும் ஒவ்வொரு பில்லிலும் மாநிலத்தின் பெயரைக் குறிக்க வேண்டும் என்று 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கை வலியுறுத்திவிட்டது. அதே குறிப்பை இணக்க வரிக்காரரிடமும் வாங்கினால் அத்திப்பள்ளி மாணவரின் 6 சதவீதத்தில் கர்நாடகத்தின் பங்கைப் பிரித்துக் கொடுப்பது ஜி.எஸ்.டி. வலைப்பின்னலுக்குக் கடினமான வேலை இல்லை. பிரிவு 10இன் அந்த ஒரு நிபந்தனையைச் சேவைகளுக்கு மட்டும் தளர்த்தினால், 20,00,000க்கும் 23,60,000க்கும் நடுவில் கிடக்கும் இடைவெளி 21,28,000க்குள் அடங்கிவிடும்.